நாளும் நினைவுகூரும் நன்றி: முத்துக்குளித்துறை முதல் கயத்தாற்றுக் கரிசல் வரை இறைவார்த்தைத் தியானத்தின் மரபு

தூத்துக்குடிக் கடற்கரையிலும் அதற்கு மேற்கே கயத்தாற்றைச் சூழ்ந்துள்ள கரிசல் நிலத்திலும் வேரூன்றிய கிறித்தவ வாழ்வில், இறைவார்த்தையை நாள்தோறும் ஓதுவது, அதைத் தன் நாளோடு பொருத்திச் சிந்திப்பது, பெற்ற நன்மைகளை எண்ணி நன்றி கூறுவது, அந்த நன்றியைப் பிறருடன் பகிர்வது ஆகிய நான்கும் ஒரே பழக்கத்தின் அடுத்தடுத்த படிகளாக இருந்துவந்துள்ளன. இந்த நான்கில் ஏதேனும் ஒன்று அறுபட்டால் எஞ்சியவை வெறும் சடங்காகச் சுருங்கிவிடுகின்றன என்பதையும், நம்பிக்கையைப் புதுப்பிப்பது என்றால் புதிய உணர்ச்சி ஒன்றைத் தேடிப் போகாமல் அறுபட்ட இந்தத் தொடர்ச்சியை மீண்டும் இணைப்பதே என்பதையும் இக்கட்டுரை இப்பகுதியின் வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்கிறது. தியானம் என்னும் சொல் இங்கு மனத்தை வெறுமையாக்கும் பயிற்சியைக் குறிக்கவில்லை. விவிலியத்தின் ஒரு பகுதியை மெதுவாக ஓதி, அதில் தங்கி, அது தன்னிடம் கேட்பது என்னவென்று ஆராய்ந்து, இறைவேண்டலில் முடிக்கும் ஒழுங்கையே அது குறிக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியன் துறவி இரண்டாம் கீகோ இந்த ஒழுங்கை வாசித்தல், சிந்தித்தல், வேண்டுதல், இறைக்காட்சியில் நிலைத்தல் என நான்கு படிகளாக வகுத்துத் தந்தார்.

கரையில் தொடங்கிய நாள்முறை

முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையின் மீனவரும் முத்துக்குளிப்போருமான பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றபோது, அவர்களிடம் விவிலியம் இல்லை. அவர்கள் மொழி அறிந்த போதகரும் இல்லை. 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்தக் குறையை உணர்ந்து, இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளைகள், ஆண்டவர் கற்பித்த இறைவேண்டல், மங்கள வார்த்தை மன்றாட்டு ஆகியவற்றைத் தமிழாக்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டார். 1544 சனவரி 15 அன்று கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் இதன் பின் நடந்ததை விரிவாகச் சொல்கிறது. கையில் மணியுடன் ஊர் முழுவதும் நடந்து, நாளுக்கு இருமுறை சிறுவர்களைச் சேர்த்து, ஒரு மாத காலம் இவ்வேண்டல்களைக் கற்பித்து, அவற்றை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுக்குமாறு அச்சிறுவர்களைப் பணித்தார். ஞாயிறுதோறும் ஊரார் அனைவரையும் கூட்டி, நம்பிக்கை அறிக்கையின் ஒவ்வொரு கூற்றையும் சொல்லி, அதை நம்புகிறார்களா என்று கேட்டு, அவர்கள் ஆம் என்று விடையளித்த பின், அந்த நம்பிக்கையில் நிலைத்திருக்க அருள் வேண்டும் மன்றாட்டை எல்லாரும் சேர்ந்து சொல்லும்படி செய்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, கற்பித்தலும் இறைவேண்டலும் தனித்தனியாகப் பிரிக்கப்படவில்லை என்பதாகும். ஒரு கூற்றை அறிவது முதற்படி. அதை ஏற்பதாக வாயால் அறிக்கையிடுவது இரண்டாம் படி. அதன்படி வாழ வலிமை கேட்பது மூன்றாம் படி. ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குப் போகும்போது வேண்டல்களின் எழுத்துப்படி ஒன்றை விட்டுச்சென்று, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுத்து, நாள்தோறும் சொல்லிவர வேண்டும் என்றும் சவேரியார் ஏற்பாடு செய்தார். குருவானவர் இல்லாத நாள்களிலும் இந்த ஒழுங்கு குலையாமல் காப்பதற்காக ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகள் அமர்த்தப்பட்டனர். போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4000 பணம் இவர்களின் ஊதியத்துக்குத் திருப்பப்பட்டது. பிற்காலத்தில் உபதேசியார் என்றும் கோவில்பிள்ளை என்றும் ஊர்கள் அழைத்துவரும் பணியாளர்களின் முன்னோடிகளாக இவர்களைக் கொள்ளலாம். எனவே இக்கரையில் அன்றாட இறைவார்த்தைப் பயிற்சி நூலைத் தனியே அமர்ந்து படிக்கும் பழக்கமாகத் தோன்றாமல், செவியால் கேட்டு, வாயால் சொல்லி, நெஞ்சில் நிறுத்தி, அடுத்தவருக்குக் கொடுக்கும் பொதுப் பழக்கமாகத் தோன்றியது.

அச்சேறிய மன்றாட்டு

சவேரியார் வாய்மொழியாகத் தொடங்கியதை எழுத்தில் நிலைநிறுத்தியவர் அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார். 1547 முதல் இக்கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்து, தமிழை இலக்கண முறைப்படி கற்று, 1600இல் மறைந்த இவர், 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலின் மொழிபெயர்ப்பாளர். இந்திய எழுத்து வடிவில் இந்திய மண்ணில் அச்சிடப்பட்ட முதல் நூலாக அறியப்படும் இது வெறும் 16 பக்கங்கள் கொண்ட மன்றாட்டு நூல் என்பது பொருள் பொதிந்த செய்தி. தமிழ் அச்சு வரலாறு அரசாணையிலோ வணிகக் கணக்கிலோ தொடங்காமல், மீனவரும் முத்துக்குளிப்போரும் நாள்தோறும் சொல்ல வேண்டிய மன்றாட்டில் தொடங்கியுள்ளது. 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஒப்புரவு நூல், ஒருவர் தன் செயல்களைக் கட்டளைகளின் வரிசையில் தானே ஆராய்ந்து பார்க்க வழிகாட்டியது. 1586இல் 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ அச்சேறியது. இந்த அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறை மக்களே பொருள் கொடுத்தனர்.

அடியார் வரலாறு, திருவழிபாட்டு ஆண்டின் விழாக்களையும் புனிதர் நினைவுநாள்களையும் தழுவி அமைந்த நூல். திருவழிபாட்டு ஆண்டு என்பது இயேசுவின் பிறப்பு, பாடுகள், உயிர்ப்பு ஆகியவற்றை மையமாக வைத்து ஓராண்டின் நாள்களை வரிசைப்படுத்தும் முறை. இப்படி அமைந்த நூலைக் கோவிலில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கும்போது, கடலுக்குப் போகும் நாள், வலை உணக்கும் நாள், முத்துக்குளிப்புப் பருவம் என்று தொழிலால் வகுக்கப்பட்டிருந்த ஆண்டின் மேல், மீட்பு வரலாற்றின் மற்றோர் ஆண்டு படிந்து, ஒவ்வொரு நாளும் நினைவுகூரத்தக்க ஒரு பொருளைப் பெறுகிறது. சூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5இல் நிறைவுறும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா இன்றும் இந்த இரண்டு ஆண்டுகளும் சந்திக்கும் இடமாக இருப்பதை அங்குத் திரளும் கூட்டம் காட்டுகிறது.

கரிசலுக்குள் வந்த ஆன்ம சோதனை

கடற்கரைக்கு மேற்கே, கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட மானாவாரி நிலத்தில் கிறித்தவம் வேறு வழியாக வந்தது. மதுரை மறைப்பணித்தளத்தைச் சேர்ந்த இயேசு சபையினர், பரலோக மாதா ஆலயத்தால் அறியப்படும் காமநாயக்கன்பட்டியை மையமாகக் கொண்டு இப்பகுதியில் பணியாற்றினர். 1680இல் இத்தாலியில் பிறந்து 1711 அளவில் தமிழகம் வந்த கொன்சுதான்சு யோசேப்பு பெசுகி, அதாவது வீரமாமுனிவர், தம் தொடக்க ஆண்டுகளில் காமநாயக்கன்பட்டியிலும் கயத்தாற்றிலும் பணியாற்றினார். எதிர்ப்பு மூண்ட காலத்தில் குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு மரண தண்டனையின் விளிம்புவரை சென்று மீண்டார். சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் பின்னாளில் அவர் இயற்றிய தேம்பாவணி தமிழறிந்தோர் அனைவருக்கும் தெரிந்தது. ஆனால் இக்கட்டுரையின் பொருளுக்கு அதைவிட நெருக்கமானது, உபதேசியார்களின் வாழ்க்கை நெறியைப் பற்றி அவர் உரைநடையில் எழுதிய வேதியர் ஒழுக்கம். மறையைக் கற்பிக்கிறவர் அதைத் தன் வாழ்வில் முதலில் கற்க வேண்டும் என்பதே அந்நூலின் அடிப்படை. கற்பிப்பவரின் உள்ளம் நாள்தோறும் புதுப்பிக்கப்படாவிட்டால் ஊரின் நம்பிக்கையும் வறண்டுவிடும் என்ற தெளிவு இதன் பின்னால் நிற்கிறது.

சவேரியார், அன்றீக்கசு, வீரமாமுனிவர் ஆகிய மூவரையும் இணைப்பது அவர்கள் மூவரும் இயேசு சபையினர் என்பதும், அச்சபையின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளில் உருவானவர்கள் என்பதும் ஆகும். 1548இல் அச்சான அப்பயிற்சி நூலில் ஆன்ம சோதனை என்னும் அன்றாடப் பயிற்சி ஐந்து படிகளில் அமைந்துள்ளது. பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவது முதற்படி. தன் குற்றங்களை அறிய அருள் கேட்பது இரண்டாவது. எழுந்தது முதல் அந்நேரம் வரை எண்ணம், சொல், செயல் ஆகியவற்றை மணிக்கு மணி நினைத்துப் பார்ப்பது மூன்றாவது. மன்னிப்புக் கேட்பது நான்காவது. திருந்தி நடக்க உறுதி பூணுவது ஐந்தாவது.

இந்த வரிசையில் நன்றி முதலில் நிற்பது தற்செயலானது அன்று. தன் குற்றத்திலிருந்து தொடங்குகிறவர் தன்னையே சுற்றிச் சுற்றி வந்து சோர்வடையக்கூடும். பெற்ற கொடையிலிருந்து தொடங்குகிறவரோ, தான் தவறிய இடத்தையும் அன்பு செய்தவரின் முன்னிலையில் காண்கிறார். ஆகவே அவருடைய மனவருத்தம் அச்சமாகத் திரியாமல் உறவின் ஏக்கமாக நிலைக்கிறது. அதே நூலின் இறுதியில் வரும் அன்பைப் பெறுவதற்கான தியானமும், படைப்பிலும் மீட்பிலும் தனிப்பட்ட வாழ்விலும் ஒருவர் பெற்ற நன்மைகளை ஒவ்வொன்றாக நினைவுகூருவதில்தான் தொடங்குகிறது. நன்றியை மனநிலையாக அல்லாமல் பயிற்சியாக வகுத்த இந்த முறை இஞ்ஞாசிய மரபு இப்பகுதிக்குக் கொண்டுவந்த பெருஞ்செல்வம். மழை பொய்த்தால் விளைச்சலும் பொய்க்கும் கரிசல் நிலத்தில், வருவாய் நிறைந்த நாளில் மட்டும் எழும் உணர்ச்சியாக நன்றி இருந்தால் அது நீடிக்க முடியாது என்பதால், இப்பயிற்சியின் தேவை இம்மண்ணில் இன்னும் மிகுதி.

வீட்டுக்குள் நுழைந்த வேதாகமம்

நூலாக விவிலியம் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்ததில் சீர்திருத்தத் திருச்சபைகளின் பங்கு பெரிது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அங்கேயே அச்சானது. அவருக்குப் பின் வந்த மறைப்பணியாளர் பப்ரீசியசின் மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் முயற்சியால் 1785இல் எழுந்த ஆலயமும், 1799இல் உருவான முதலூர்க் குடியிருப்பும், 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மறைப்பணியாளர் ரேனியசின் பள்ளிகளும் எழுத்தறிவையும் வேதவாசிப்பையும் ஒன்றோடொன்று பிணைத்தன. மாலையில் விளக்கேற்றியபின் வீட்டார் அனைவரும் தரையில் அமர்ந்து, கீர்த்தனை பாடி, ஓர் அதிகாரம் வாசித்து, முழங்காற்படியிட்டு மன்றாடும் குடும்ப ஜெபம் இத்திருச்சபைகளின் முதுகெலும்பாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த மகள் எழுத்தறியாத தாய்க்கு வேதம் வாசித்துக் காட்டும் நிலையும், சிறுவர்கள் பெற்றோருக்கு மன்றாட்டைக் கற்பித்த சவேரியார் கால நிலையும் அடிப்படையில் ஒன்றே.

இந்த வாசிப்பு நன்றியாகவும், நன்றி ஈகையாகவும் மாறியதற்கு இத்திருச்சபைகளில் தெளிவான வடிவங்கள் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசிக் காணிக்கை அவற்றுள் ஒன்று. அரிசி குறைவாக உள்ள வீட்டிலும் இயலக்கூடிய இச்செயல், நன்றியை ஆண்டுக்கு ஒரு முறை வரும் பண்டிகையிலிருந்து எடுத்து அடுப்படியின் அன்றாடச் செயலாக்குகிறது. அறுவடைக் காலத்து ஸ்தோத்திரப் பண்டிகையில் விளைபொருளும் கோழியும் ஆடும் காணிக்கையாக வருவதும், அசனம் எனப்படும் பொது விருந்தில் ஊரார் அனைவரும் ஒரே பந்தியில் உண்பதும் இதன் விரிவு. தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா, 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்று, பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லில் பணியாற்றியபோது, கிறித்தவ ஈகையைப் பற்றித் தனி நூலே எழுதினார். வசதி படைத்தவரின் உபரியிலிருந்து வருவதை விட, தான் பெற்றதை உணர்ந்த ஏழை கொடுப்பதில் திருச்சபை தன் கால்களில் நிற்கும் என்ற உறுதி, திருநெல்வேலிக் கிராமச் சபைகளில் வளர்ந்த ஒருவருக்கு இயல்பாக வந்தது.

நன்றியின் விவிலிய ஒழுங்கு

இந்தப் பழக்கங்கள் அனைத்துக்கும் விவிலியத்திலேயே ஒரு மூலவடிவம் உள்ளது. இணைச்சட்டம் அல்லது உபாகமம் எனப்படும் நூலின் 26ஆம் அதிகாரத்தில், முதற்பலன்களைக் கூடையில் கொண்டுவரும் இசுரயேல் விவசாயி, அக்கூடையை வைக்கும்போது தன் உழைப்பையோ விளைச்சலின் அளவையோ பற்றிப் பேசுவதில்லை. நிலமற்று அலைந்த தன் முன்னோரையும், எகிப்தில் பட்ட அடிமைத்துன்பத்தையும், இறைவன் அந்தக் கூக்குரலைக் கேட்டு விடுவித்ததையும் வாய்விட்டுச் சொல்கிறார். அதன் பின்னரே விளைச்சல் அந்த வரலாற்றின் இறுதிப் பகுதியாக வந்து சேர்கிறது. பின்பு அவர் தன் வீட்டாரோடு மட்டும் மகிழாமல், நிலம் இல்லாத லேவியரோடும் தம்மிடையே வாழும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும் என்று கட்டளை பெறுகிறார். நினைவு, அறிக்கை, காணிக்கை, பகிர்வு என்ற இந்த வரிசையில்தான் விவிலிய நன்றி இயங்குகிறது. பெற்ற நன்மைகளை மறந்துவிடாதே என்று தன் உள்ளத்துக்கே சொல்லும் 103ஆம் திருப்பாடலும், ஒவ்வொரு வரியிலும் ஒரே மறுமொழியைத் திரும்பச் சொல்லும் 136ஆம் திருப்பாடலும் நன்றிக்கு நினைவாற்றலே அடித்தளம் என்பதை உறுதி செய்கின்றன.

மறதி மனித இயல்பு. நலமும் பழகிப்போனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகையால் நன்றி தானாக வளர்வதில்லை. நினைவு நாள்தோறும் உழப்பட வேண்டும். உளவியலாளர்கள் இராபர்ட் எம்மன்சும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பெற்ற நன்மைகளைப் பத்து வாரங்கள் வாரந்தோறும் எழுதிவந்தவர்கள், அன்றாடத் தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தம் வாழ்வைக் குறித்து மிகுந்த நிறைவையும் எதிர்நோக்கையும் வெளிப்படுத்தினர். ஆனால் கிறித்தவத் தியானம் இந்த அளவில் நின்றுவிடுவதில்லை. நன்மைகளின் பட்டியல் ஒருவரின் மனநலத்தைக் காக்கலாம். இறைவார்த்தையோ அந்நன்மைகளை அளித்தவர் யார், அவை யாருக்காக அளிக்கப்பட்டன என்ற கேள்விகளையும் எழுப்பி, பெற்றவரைப் பொறுப்புள்ளவராக்குகிறது. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் நலம்பெற்ற பத்துத் தொழுநோயாளருள் திரும்பிவந்து நன்றி சொன்ன ஒருவர் சமாரியர், அதாவது மற்றவர்களால் அந்நியராகக் கருதப்பட்டவர், என்று நற்செய்தியாளர் குறிப்பிடுவது இந்தப் பொறுப்பின் எல்லை எவ்வளவு விரிவானது என்பதைச் சுட்டுகிறது.

புலம்பலும் நீதியும்

நன்றியைப் பற்றிப் பேசும் எந்த ஆய்வும் அதன் தவறான பயன்பாட்டைப் பேசாமல் முடிய முடியாது. இழப்பில் துடிப்பவரை உடனே நன்றி சொல்லச் சொல்வதும், அநீதிக்கு உட்பட்டவரிடம் கிடைத்ததைக் கொண்டு நிறைவடையச் சொல்வதும் விவிலிய நெறி அன்று. திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் பாடல்கள். அவற்றுள் பல துயரத்தை மறைக்காமல் இறைவனிடம் வழக்காடிய பின்னரே நம்பிக்கைக்கு வந்து சேர்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தென்கடற்கரையைத் தாக்கி, கடலுக்குச் சென்ற பலர் திரும்பாமல் போனபோது, கரையோர ஆலயங்களில் எழுந்த அழுகை நம்பிக்கையின்மையின் குரல் அன்று. திருப்பாடல் நூல் இறைமக்களின் வாயில் வைத்த குரல்தான் அது. திருப்பாடல்களை வரிசையாக நாள்தோறும் தியானிக்கும் பழக்கத்தின் பயன், மகிழ்ச்சிக்கான சொற்களைப் போலவே துயருக்கான சொற்களையும் அது முன்கூட்டியே நெஞ்சில் சேர்த்துவைப்பதில் உள்ளது.

நீதியைப் பற்றிய எச்சரிக்கை இன்னும் கடுமையானது. வடக்கன்குளத்தின் ஆலயத்துள் சாதிகளைப் பிரிப்பதற்காக எழுப்பப்பட்டிருந்த சுவர் 1910இல் அகற்றப்படும்வரை, ஒரே வார்த்தையைக் கேட்டு ஒரே அப்பத்தை உண்டவர்கள் தனித்தனியே நின்றே நன்றி செலுத்தினர். காணிக்கை செலுத்த வருகிறவர், தன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரரை நினைவுகூர்ந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று மத்தேயு 5ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. தன் சாதிக்கு வெளியே உள்ளவருடன் பந்தியில் அமர மறுக்கும் ஓர் ஊரில் எத்தனை அதிகாரங்கள் வாசிக்கப்பட்டாலும், இணைச்சட்டம் கேட்கும் நான்காம் படி அங்கு நிறைவேறாமலே நிற்கிறது. அசனத்தின் ஒரே பந்தி சமைக்கப்பட்ட சோற்றை விடப் பெரிய அறிக்கை என்பதை இப்பகுதித் திருச்சபைகள் தம் வரலாற்றிலிருந்தே அறிய முடியும்.

இன்றைய புதுப்பித்தல்

வாசிக்கும் வாய்ப்பு இன்று போல் என்றும் எளிதாக இருந்ததில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கம், இறைமக்கள் அனைவரும் விவிலியத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதைத் தொடர்ந்து வந்த வாசக ஒழுங்கு ஞாயிறுகளுக்கு மூன்று ஆண்டுச் சுழற்சியையும் வார நாள்களுக்கு இரண்டு ஆண்டுச் சுழற்சியையும் தந்தது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைத் தமிழுக்கு அளித்தனர். அன்பியம் எனப்படும் அண்டை வீட்டார் குழுக்களில் பயன்படும் ஏழு படி முறை, இறைவனை அழைத்தல், வாசித்தல், சொற்களில் தங்குதல், அமைதி, பகிர்தல், செய்ய வேண்டிய செயலை முடிவு செய்தல், வேண்டுதல் என்று முன்னேறுகிறது. அதன் ஆறாம் படியில் வார்த்தை தெருவுக்கு இறங்கி, நோயுற்ற அண்டை வீட்டாருக்கோ வேலை இழந்த குடும்பத்துக்கோ என்ன செய்வது என்ற கேள்வியாகிறது.

இருந்தும் ஓர் இடர் உண்டு. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் பெறும் வாக்குத்தத்த வசனமும், நாள்தோறும் கைப்பேசியில் வந்துசேரும் ஒற்றை வசனமும் பலருக்கு ஆறுதல் தருபவை. 1731 முதல் ஆண்டுதோறும் நாள் வசனங்களை அச்சிட்டுவரும் மொராவியன் திருச்சபையின் மரபும் இதற்குச் சான்று. ஆனால் முன்பின் இல்லாமல் எடுக்கப்பட்ட வசனம் பெரும்பாலும் ஆசியை மட்டுமே சொல்லும்; கடிந்துரைக்கும் பகுதியையும் புலம்பும் பகுதியையும் அந்நியருக்குப் பங்கிடச் சொல்லும் பகுதியையும் வாசகர் தாமாகத் தேர்ந்தெடுப்பது அரிது. தொடர்ச்சியான வாசிப்பின் தேவை இங்குதான் எழுகிறது. காலையில் வாசக ஒழுங்கின்படி அமைந்த ஒரு பகுதியை உரக்க வாசித்து அதில் ஒரு சொல்லை நாள் முழுவதும் நினைவில் கொள்வதும், இரவில் நன்றியில் தொடங்கி அந்நாளைத் திரும்பிப் பார்ப்பதும், வாரத்துக்கு ஒரு முறை அண்டை வீட்டாரோடு கூடி ஒரு செயலை முடிவு செய்வதும், வீட்டில் ஒரு பிடியைத் தனியே வைப்பதும், இப்பகுதி ஏற்கெனவே அறிந்த பழக்கங்களே அன்றிப் புதிதாகக் கொண்டுவர வேண்டியவை அல்ல.

இப்பகுதியின் நூற்றாண்டுகள் ஒருசேரக் காட்டுவது இதுவே: படித்தவர் சிலராக இருந்த காலத்திலும் நம்பிக்கை இங்கு நிலைத்தது, ஏனெனில் கேட்ட சிறிதளவு வார்த்தை நாள்தோறும் சொல்லப்பட்டு, நினைக்கப்பட்டு, பகிரப்பட்டது; நூல்கள் நிறைந்த காலத்தில் அது தளர்கிறது என்றால், குறை வார்த்தையின் அளவில் இல்லை, வார்த்தையிலிருந்து நன்றிக்கும் நன்றியிலிருந்து அடுத்தவருக்கும் செல்லும் பாதை நடக்கப்படாமல் இருப்பதில் உள்ளது. கயத்தாற்றின் மானாவாரி விவசாயியும் தூத்துக்குடியின் கடல் தொழிலாளியும் அடுத்த நாளின் வருவாயை உறுதியாக அறியாதவர்கள். அன்றன்றைய உணவை அன்றன்று கேட்கக் கற்பித்த இறைவேண்டலின் பொருள் அவர்களுக்கே மிக நன்றாக விளங்கும். அந்த வேண்டலில் எனக்கு என்ற சொல் இல்லை, எங்களுக்கு என்ற சொல்லே உள்ளது என்பதை உணர்ந்து நாள்தோறும் அதைச் சொல்கிற குடும்பத்தில், நன்றியும் நம்பிக்கையும் பிறருக்கான பொறுப்பும் ஒன்றாகவே வளரும்.